படத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டது

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் படித்து இப்போது வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து, 2022 ஜூன் மாதம் 75 அங்குலத் தொடுதிரை ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 166 சென்டிமீட்டர் அகலமும் 93 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அந்தத் திரையைச் சுவரில் மாட்டிய நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டுமல்லாமல், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்காமாரும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அதை ஸ்மார்ட் போர்டு என்பார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் அதை வைத்து எதைச் சரியாகச் செய்தேன், எதைத் தவறாகச் செய்தேன் என்பதை, இதே திரை புதிதாக வந்திறங்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ஐந்து மாதங்கள் நான் செய்தது தவறு. பாடநூலில் இருக்கும் கியூஆர் கோடு வழியாகவும் யூடியூபிலும் கிடைத்த நல்ல காணொளிப் படங்களைத் தேடி எடுத்து, முழுப் பாடவேளையும் ஓட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. வராண்டாவில் என்னைக் கண்டாலே, “டீச்சர், இன்னைக்குப் படம் உண்டா?” என்று கேட்பார்கள். அந்த ஆவலைப் படிப்பு என்று நம்பிவிட்டேன். அரையாண்டுத் தேர்வில் இதயத்தின் படத்தை வரைந்து இரத்தம் செல்லும் வழியை அம்புக்குறியால் காட்டச் சொல்லியிருந்தோம். இதயம் பற்றிய காணொளியை மூன்று முறை பார்த்த பிள்ளைகளில் பலர், நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தை நேராக உடலுக்கு அனுப்பியிருந்தார்கள். படம் வரைந்த விதம் அழகாக இருந்தது, வண்ணம்கூடத் தீட்டியிருந்தார்கள். அம்புகள்தான் தவறிப்போயின.

அந்த விடுமுறையில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, என் வகுப்பில் நடந்தது புதிய செய்தி அல்ல என்று தெரிந்தது. டெரிக் முல்லர் என்பவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், இயற்பியல் கருத்துகளைத் தெளிவாக, பிழையின்றி விளக்கும் படங்களைப் பார்த்த மாணவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்று சொன்னபோதும், அவர்களின் தவறான எண்ணங்கள் பெரிதாக மாறவில்லை என்று காட்டியிருக்கிறார். மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தை எடுத்துப் பேசி, அதோடு மோதும் படங்கள்தாம் பலன் தந்தன. அவை குழப்பமாக இருந்ததாக மாணவர்களே குறை சொன்னார்கள் என்பது கூடுதல் செய்தி. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் படம் பார்க்கப்பட்ட 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், படம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் ஈடுபட்டுப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டிருக்கிறார்கள். நான் நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்தை அப்படியே காட்டுவதில்லை, வெட்டி எடுத்துக்கொள்கிறேன். அந்த நான்கு நிமிடத்துக்குள் மூன்று அல்லது நான்கு இடங்களில் படம் தானாக நிற்க வேண்டும், நின்ற இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும், அதற்குப் பிள்ளைகள் திரையைத் தொட்டு விடை சொன்னால்தான் படம் மேலே நகர வேண்டும். இதைச் செய்ய நான் பயன்படுத்துவது ஹெச்5பி என்ற கட்டணமில்லாத கருவி. லூமி என்ற செயலியைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஹெச்5பி பாடங்களை உருவாக்கி, ஒரே கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திரையின் உலாவியில் திறக்கலாம். எங்கள் ஊரில் ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இணையத்தை நம்பி ஒரு பாடத்தையும் திட்டமிடக் கூடாது என்பதை, படம் பாதியில் வட்டமடித்துக்கொண்டு நின்ற பல வகுப்புகளுக்குப் பிறகு உறுதியாக வைத்துக்கொண்டேன்.

பாடத்துக்குப் போவதற்கு முன் திரையைப் பற்றியே சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். திரையைப் பொருத்த வந்தவர்கள் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டவை எனக்கு ஓராண்டுச் சிரமத்தைக் கொடுத்தன.

முதலாவது, உயரம். கரும்பலகைக்கு மேலே, கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கும்படி மாட்டிவிட்டார்கள். பின்வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் எட்டி நின்றும் பாதித் திரைக்கு மேல் தொட முடியவில்லை. மூன்றடிக்கு இறக்கி மாட்டியதும் முன்வரிசைத் தலைகள் பின்வரிசைக்கு மறைத்தன. கடைசியில் நான் கண்டுகொண்ட வழி, பாடத்தை உருவாக்கும்போதே தொட வேண்டியவற்றையெல்லாம் திரையின் கீழ்ப்பாதியிலும் படிக்க வேண்டியவற்றையெல்லாம் மேல்பாதியிலும் வைப்பது. எழுத்தின் அளவைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு செய்யாமல், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். எனக்கு அளவாகத் தெரிந்த எழுத்தை அங்கிருந்து என்னாலேயே படிக்க முடியவில்லை.

இரண்டாவது, வெயிலும் தூசியும். செல்போன் திரை விரலின் மின்தன்மையால் தொடுதலை அறிகிறது. எங்கள் பெரிய திரை அப்படிப்பட்டதன்று. அதன் சட்டத்தின் ஓரங்களில் வரிசையாக இருக்கும் சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை எதிர் ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. விரல் குறுக்கே வந்தால் கதிர் மறைகிறது. எந்தக் குறுக்குவரியும் எந்த நெடுக்குவரியும் மறைந்தன என்பதைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறது. இது புதிய நுட்பம் அன்று. 1972-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பின் முனையத்தில் 16-க்கு 16 கட்டங்களாக இதே முறையை வைத்திருந்தார்கள். பாடம் படிக்கும் மாணவர் விடையைத் திரையிலேயே தொட்டுச் சொல்லும்படி செய்திருந்தார்கள். நம் பிள்ளைகள் இன்று செய்வதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

கதிரை எது மறைத்தாலும் அது திரைக்கு விரல்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு மாலைச் சிறப்பு வகுப்பில் ஈசல்கள் கூட்டமாக வெளிச்சத்துக்கு வந்து திரையில் அமர, பாடம் தானாகப் பக்கம் பக்கமாகப் புரண்டது. பிள்ளைகள் பயந்தே போனார்கள். அன்று பாடத்தை விட்டுவிட்டு, கதிர் எப்படிப் போகிறது என்பதைக் கையை நீட்டியும் குச்சியை நீட்டியும் காட்டினேன். அது அந்த மாதத்தின் நல்ல வகுப்புகளில் ஒன்றாக அமைந்தது. சாக்பீஸ் தூசி சட்டத்தின் உள்விளிம்பில் படிந்தாலும் இதே தொல்லைதான்: தொடாத இடம் தொட்டதாகும், தொட்ட இடம் கேட்காது. ஆகவே கரும்பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் உள்விளிம்பைச் சுற்றித் துடைக்கிறோம். கிழக்குச் சன்னலிலிருந்து முதல் பாடவேளையில் நேராக விழும் வெயிலும் உணர்விகளைத் தடுமாறச் செய்தது. ஒரு மாணவியின் அம்மா பத்தமடையில் பாய் நெய்கிறவர். விளிம்பு சரியாக அமையாத கோரைப்பாய்கள் இரண்டைக் கொடுத்து அனுப்பினார். அவற்றைச் சன்னலில் தொங்கவிட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

குச்சியாலும் தொடலாம் என்பது உயரப் பிரச்சினைக்கும் தீர்வாயிற்று. முனையில் துணி சுற்றிய மூங்கில் குச்சி ஒன்று திரைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கையைத் தூக்க முடியாத மாணவன் ஒருவன் எங்கள் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் குச்சியால் விடையைத் தொடுகிறான்.

இனி இதயப் பாடத்துக்கு வருகிறேன். 2023-இல் அதே பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு மறுபடியும் எடுத்தபோது, படத்தை இதயத்தின் மேல் அறைகளான ஆரிக்கிள்கள் சுருங்கும் நொடியில் நிறுத்தி, ‘இரத்தம் இப்போது எங்கே போகும்?’ என்ற கேள்வியை வைத்தேன். கீழே நான்கு அம்புகள். யாரும் உடனே வந்து தொடக் கூடாது. ஒவ்வொருவரும் விடையையும் காரணத்தையும் ஒரு வரியில் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். பிறகுதான் ஒருவர் எழுந்து வரலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், அப்பாவோடு இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன், எழுந்து நின்றான்.

“டீச்சர், மடையத் தொறந்தா வாய்க்கால்லயிருந்து வயலுக்குத் தண்ணி வரும். ஆனா வயல்ல தண்ணி கூடிட்டுன்னா திரும்பி வாய்க்காலுக்கு ஏறும்லா? இங்க மட்டும் ஏன் ஏறாது?”

பாடநூலில் இல்லாத கேள்வி. ஆனால் அந்தப் பாடத்தின் உயிரே அதில் இருந்தது. நான் விடை சொல்லவில்லை. அவனையே வரச் சொல்லி, படத்தின் கீழே இருக்கும் நேரக்கோட்டில் விரலை வைத்து மெதுவாக இழுக்கச் சொன்னேன். வலப்புறம் இழுத்தால் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையில் இருக்கும் வால்வின் இதழ்கள் கீழ்நோக்கித் திறந்தன, இன்னும் கொஞ்சம் இழுத்தால் கீழ் அறையான வென்ட்ரிக்கிள் சுருங்கியது, அந்த நொடியிலேயே இதழ்கள் மேலெழுந்து ஒன்றோடொன்று பொருந்தி மூடின. இடப்புறம் இழுத்தான், திறந்தன. ஏழெட்டு முறை முன்னும் பின்னும் இழுத்திருப்பான். வகுப்பு முழுவதும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “தண்ணியே மடைய அடைச்சிக்கிடுது டீச்சர். ஆளு வேண்டாம்.” மூடிய இதழ்கள் ஏன் மேலே புரண்டுவிடவில்லை என்று முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள், இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் நாண்களை அவளே திரையில் தேடித் தொட்டாள். பாடவேளை முடியும்போது நான்கு நிமிடப் படத்தில் இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்கவில்லை.

விரலால் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடிவதுதான் இந்தத் திரை எனக்குத் தந்த பெரிய வசதி என்று நினைக்கிறேன். புரொஜெக்டரில் காட்டும்போது சுட்டி என் கையில் இருந்தது. இங்கே படத்தின் வேகம் பிள்ளையின் விரலில் இருக்கிறது. கோப்பு திரையிலேயே சேமிக்கப்பட்டிருந்தால்தான் இது தடங்கலின்றி நடக்கும். இணையத்திலிருந்து ஓடும் படம் ஒவ்வோர் இழுப்புக்கும் தயங்கி நிற்கும்.

தொடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் யார் வேண்டுமானாலும் வந்து தொடலாம் என்று விட்டபோது, முன்வரிசையிலும் பையன்களிலும் ஐந்தாறு பேரே மாறி மாறி வந்தார்கள். பீடிச் சுற்றும் வீடுகளிலிருந்து வரும் சில பெண் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் திரைக்குப் பக்கத்திலேயே வந்ததில்லை. ஆகவே விரல் ஒருவருடையது, காரணம் இன்னொருவருடையது என்று மாற்றினேன். தொடுபவர் பேசக் கூடாது. காரணத்தை உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொல்ல வேண்டும். எந்த இருவர் என்பதை வருகைப் பதிவேட்டு வரிசையில் நான் அழைப்பேன். தவறான விடைக்கு அந்தக் கருவி எழுப்பிய ஒலியையும் நிறுத்திவிட்டேன். அந்த ஒலி கேட்டதும் தொட்ட பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகு அதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது விடை தவறினால் படம் இருபது நொடி பின்னால் போய், அந்தப் பகுதியை மறுபடி காட்டி, மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. ஹெச்5பியில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

காத்திருக்கப் பழகுவது எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் 1970-களிலேயே எழுதியிருக்கிறார். நின்றுபோன படம் வகுப்பில் ஒரு வகை அவசரத்தை உண்டாக்குகிறது. ஆசிரியருக்கே கை பரபரக்கும். நான் ஒன்று முதல் இருபது வரை மனத்துக்குள் எண்ணுகிறேன். இன்றும் எண்ணித்தான் நிற்கிறேன்.

மின்சுற்றுப் பாடத்துக்குப் படமே தேவையில்லை என்பது என் முடிவு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் பாவனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் வேண்டாம். மின்கலத்தையும் பல்புகளையும் பிள்ளைகளே இழுத்து வைத்து இணைக்கலாம். தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்று எல்லா ஆண்டும் பாதி வகுப்பு நம்புகிறது. இரண்டு பல்புகளிலும் மின்னோட்டத்தைக் காட்டும் துகள்கள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்த பிறகுதான் வாதம் தொடங்குகிறது. அந்த வாதத்தை முடித்துவைக்க உண்மையான பல்பும் அம்மீட்டரும் மேசையில் தயாராக இருக்க வேண்டும். திரையில் மட்டும் பார்த்தால், “அது கம்ப்யூட்டர்ல அப்படி வச்சிருக்காங்க” என்று சொல்லிவிடுவார்கள், அது நியாயமான சந்தேகமும்கூட.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எங்கள் பள்ளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. சுவரில் இருந்த திரை தப்பியது. தரையில் வைத்திருந்த யுபிஎஸ்சும் மின்கலமும் சேற்றில் போயின. அவற்றை மாற்ற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது யுபிஎஸ் நான்கடி உயரச் சிமெண்டுத் தட்டில் இருக்கிறது. உருவாக்கிய பாடங்களெல்லாம் இரண்டு பென் டிரைவுகளில் இருக்கின்றன. ஒன்று பள்ளியில், ஒன்று என் வீட்டில்.

ஒரு நான்கு நிமிடப் பாடத்தைத் தயாரிக்க எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யத்தான் பெரும்பகுதி போகிறது. கருவியைக் கையாள அரை மணிதான். 2023-இல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டத்துக்கே உரிய படங்கள் தமிழில் இருப்பதால், படம் தேடும் வேலை குறைந்துவிட்டது. எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் நம்பும் ஒரே வழி, முந்தைய ஆண்டு விடைத்தாள்கள். பிள்ளைகள் எங்கே தவறினார்களோ அந்த இடத்துக்குச் சற்று முன்னால் படம் நிற்க வேண்டும். விளக்கம் வந்த பிறகு நிறுத்திக் கேட்டால் அது ஞாபகசக்திச் சோதனையாகப் போய்விடும்.

சென்ற ஆண்டு இதயப் பாடத்தின் முடிவில், கறிக்கடையில் சொல்லிவைத்து, கீறாமல் முழுதாக எடுத்த ஆட்டு இதயம் ஒன்றை வாங்கிப்போனேன். கடைக்காரர் வழக்கமாக இதயத்தைக் கீறித்தான் கொடுப்பார். பெருந்தமனியின் தண்டும் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெருந்தமனியின் வாய்க்குள் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்சம் இறங்கியது, பிறகு அடியில் இருக்கும் வால்வு மூடிக்கொள்ள, விளிம்பு வரை நிறைந்து அப்படியே நின்றது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியாக வந்த மாணவி, வருகைப் பதிவேட்டு வரிசையில் அழைத்தால் மட்டும் எழுந்து வருகிறவள், நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தானாகவே திரைக்குப் போய்ப் படத்தை அந்த இடத்துக்கு இழுத்தாள்.

“டீச்சர், இங்க ரெண்டு இதழ்தான் காட்டுது. அதுல மூணு இருக்கே?”

படம் இதயத்தை நெடுக்காக வெட்டிக் காட்டுகிறது. வெட்டில் மூன்றாம் இதழ் அகன்றுவிடுகிறது. மூன்று ஆண்டுகளாக அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. இந்த ஆண்டுப் பாடத்தில் அந்த இடத்தில் புதிதாக ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறேன். அவள் கேட்டதைத்தான் கேள்வியாகப் போட்டிருக்கிறேன்.